எட்டுக் குழல்கள்

சின்னக்கானல்
14-6-1976

அன்புள்ள நங்கைக்கு,

உங்கள் நாத்தனார் செல்லாத்தாள் வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். நீங்களும் அண்ணனும் பிள்ளைகள் இருவரும் சுகம்தானே? அண்ணனின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? இங்கே மழை பிடித்துவிட்டது. பத்து நாளாகத் துணி காயவில்லை. கரி அடுப்புக்கு மேலே கம்பி கட்டி உலர்த்திக்கொள்கிறோம்.

அத்தை அங்கே என்ன வேலை செய்கிறாள் என்று பிள்ளைகள் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். இங்கே பட்டுப்புழு வளர்ப்பதில்லை. விதை முட்டை எடுப்பது மட்டும்தான். கீழ்நாட்டிலிருந்து ஜீப்பில் கூடு வரும். விடிகாலையில் பூச்சி கூட்டை நனைத்து வழி பண்ணிக்கொண்டு வெளியே வரும். ஆணையும் பெண்ணையும் நாலு மணி நேரம் சேர விட்டு, பிறகு பிரித்து, பெண்ணை ஒரு தாளின் மேல் வைத்துச் சின்ன மூடி போட்டுவிடுவோம். மறுநாள் மூடியை எடுத்தால் தாளில் ராகி பரப்பியது போல முட்டை. ஒரு பூச்சிக்கு நானூறுக்குக் குறையாது. முட்டையிட்டு முடித்த பூச்சியை அரைத்து, நோய் இருக்கிறதா என்று மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது என் வேலை. நோய் தெரிந்தால் அந்தத் தாள் அடுப்புக்குப் போகும்.

ஒரே தடவையில் வந்து இறங்கும் கூடுகளை ஒரு ஈடு என்போம். இந்த மாதம் ஒரு ஈட்டில் மட்டும் முட்டை குறைந்துவிட்டது. இருநூறு, சிலதில் நூற்றைம்பது. நோய் ஏதும் இல்லை. எங்கள் சூப்பர்வைசர் செபாஸ்டின் சார், "அடுப்புச் சூடு ஒரே மாதிரியா இல்ல, அதுதான் காரணம்" என்று எங்கள் நாலு பேரையும் சத்தம் போட்டார். சூடு சரியாகத்தான் இருந்தது. அதனால் நேற்று நல்ல ஈட்டிலிருந்து ஒரு பெண் பூச்சியை எடுத்து, வயிற்றைக் கீறித் தண்ணீர்த் தட்டில் விரித்துப் பார்த்தேன். முட்டைக் குழல் ஒரு பக்கம் நாலு, மறுபக்கம் நாலு, ஆக எட்டு. ஒவ்வொன்றிலும் மணி கோத்தது போல முட்டை வரிசையாக நிற்கிறது. புத்தகத்திலும் எட்டு என்றுதான் போட்டிருக்கிறது. நாளை முதல் குறைந்த ஈட்டுப் பூச்சிகளைப் பார்க்கப்போகிறேன்.

அண்ணன் எழுதிய கார்டு வந்தது. குப்பண்ணன் வீட்டு விஷயத்துக்கு யோசித்து எழுதுகிறேன் என்று சொல்லுங்கள்.

பிள்ளைகளுக்கு என் முத்தம்.

இப்படிக்கு
செல்லாத்தாள்

*

எருத்தேன்பதி
2-7-1976

செல்லாத்தாளுக்கு நங்கை பெரியம்மாள் ஆசி கூறி எழுதிக்கொண்டது. இங்கே எல்லாரும் சௌக்கியம். உன் சௌக்கியத்துக்கு மறு கடிதம் போடு. உங்கண்ணனுக்கு முழங்கால் வலி தேவலை. எண்ணெய் போட்டு நான்தான் தேய்த்துவிடுகிறேன். மழை மலையோடு நின்றுவிட்டது, இங்கே காற்று மட்டும்தான்.

உங்கண்ணன் உன் யோசனைக்கெல்லாம் காத்திருக்கிற ஆள் இல்லை. போன ஞாயிறு குப்பண்ணன் வீட்டுக்குப் போய்க் காப்பி குடித்துவிட்டே வந்துவிட்டார். உனக்குத் தெரியாத ஆளா? நமக்கும் அவர்களுக்கும் பங்குக் கிணறு. வாரத்தில் ஆறு நாள் கஞ்சிக்கோட்டில் கம்பெனி வேலை, ஞாயிற்றுக்கிழமை காட்டில் வெள்ளாமை வேலை. குடிப்பதில்லை. பெண்சாதி போய் மூன்று வருசம் ஆகிறது. ஆறு வயதில் ஒரு பெண் இருக்கிறது, மயிலாள் என்று பேர். நல்ல பிள்ளை, கூப்பிட்டால் ஓடி வரும்.

செல்லாத்தாள், நான் சொல்வதைக் கவனமாகக் கேள். உனக்கு முப்பது ஆகப்போகிறது. இரண்டு இடத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டு மலைக்குப் போனாய். நான் வாய் திறக்கவில்லை. இது வேறு. ரெண்டாம் தாரம், முன்பே ஒரு பிள்ளை இருக்கிற வீடு. நாளைக்கு உனக்கு ஒன்று பிறக்காவிட்டாலும் யாரும் துருவிக் கேட்கமாட்டார்கள். நீயும் எதையும் சொல்ல வேண்டியதில்லை. கோயமுத்தூர் சமாச்சாரம் நம் இரண்டு பேரோடு இருக்கட்டும்.

ஐப்பசியில் நிச்சயம் வைக்கலாம் என்று பேச்சு. லீவு கேட்டு வை. சளி பிடித்தால் மிளகுக் கசாயம் குடி.

இப்படிக்கு
பெரியம்மாள்

*

சின்னக்கானல்
28-7-1976

அன்புள்ள நங்கைக்கு,

வணக்கம். நான் நலம், சளி இல்லை. உங்கள் எல்லாருடைய நலத்துக்கும் எழுதுங்கள். பெரியவன் பள்ளிக்கூடம் ஒழுங்காகப் போகிறானா?

குறைந்த ஈட்டில் நாற்பது பூச்சிகளைப் பார்த்து முடித்தேன். முப்பத்தொன்றில் குழல் எட்டும் இருக்கிறது, ஆனால் குட்டை. ஆறு பூச்சிகளுக்கு ஒரு பக்கம் மூன்று குழல்தான். இரண்டுக்கு ஒரு பக்கமே இல்லை, நூல் போல ஏதோ தொங்குகிறது. கடைசியாகப் பார்த்த பூச்சிக்கு இரண்டு பக்கமும் முட்டை நிறைந்திருக்கிறது, வெளியே வரும் பாதை மட்டும் பிறவியிலேயே அடைத்துக் கிடக்கிறது. ஒவ்வொன்றையும் நோட்டில் படமாக வரைந்து, எண் போட்டு வைத்திருக்கிறேன்.

என் கூட வேலை செய்யும் குருவம்மாள் தட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எஸ்டேட் தொழிலாளர் லயத்துப் பெண். "என்னக்கா இது, வெளிய பாத்தா ஒண்ணுமே தெரியலையே. மத்ததாட்டம் கும்முனுல்ல இருந்துச்சு" என்றாள். அவள் சொன்னது சரி. குழல் இல்லாத பூச்சியும் மற்றவை வந்த அதே நேரத்தில்தான் கூட்டிலிருந்து வந்தது. இறகு சுருக்கமில்லாமல் விரிந்தது. ஆண் பூச்சிகள் எதுவும் வித்தியாசம் பார்க்கவில்லை. வெட்டிப் பார்க்காதவரை அதில் குறை என்று சொல்ல ஒன்றும் இல்லை.

செபாஸ்டின் சார் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, நான் கத்தி வைத்ததில் குழல் அறுந்திருக்கும் என்கிறார். இந்த ஈட்டுப் பூச்சி வம்சம் அவர் மூன்று வருஷமாகப் பொறுக்கியெடுத்துச் சேர்த்தது. அதனால் அவர் அப்படித்தான் சொல்வார். மேலதிகாரிகளுக்கு எழுதுங்கள் என்று நான் கேட்டிருக்கிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். குப்பண்ணன் வீட்டில் ஆண் வாரிசு வேண்டும் என்று பேச்சு இருக்கிறதா?

அண்ணனுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு
செல்லாத்தாள்

*

எருத்தேன்பதி
20-8-1976

செல்லாத்தாளுக்கு நங்கை எழுதியது. எல்லாரும் சுகம்.

இனிமேல் பூச்சி சமாச்சாரம் எனக்கு எழுதாதே. நீ எதை எழுதுகிறாய் என்று எனக்குத் தெரியாதா? உன் கடிதம் வந்தால் உங்கண்ணன் பெரியவனை விட்டு உரக்கப் படிக்கச் சொல்கிறார். அவன் கூடத்தில் உட்கார்ந்து "ஒரு பக்கமே இல்லை" என்று படிக்கிறான். எனக்குக் கையிலிருந்த சொம்பு நழுவிவிட்டது. உங்கண்ணன் சிரித்துக்கொண்டே, "பூச்சிக்குப் போய் இப்படிப் பதறுறியே" என்றார்.

நீ கேட்டதற்குப் பதில்: எல்லா மாமியாரும் பேரன் கேட்பார்கள். அந்த அம்மாவும் கேட்கிறது. கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும். கடவுள் கொடுக்கவில்லை என்றால் யார் என்ன செய்ய முடியும்?

ஐப்பசி ஒன்பதாம் தேதி வெற்றிலை மாற்றிக்கொள்வது என்று முடிவாகிவிட்டது. உடம்பைப் பார்த்துக்கொள்.

பெரியம்மாள்

*

சின்னக்கானல்
5-9-1976

அன்புள்ள நங்கைக்கு,

வணக்கம். நலம், நலமறிய ஆவல். இதை உங்கள் அம்மா வீட்டு முகவரிக்கு அனுப்புகிறேன். மாதம் ஒருமுறை கொழிஞ்சாம்பாறை போவீர்கள், அப்போது உங்கள் கையில் கிடைக்கும். படித்துவிட்டு அங்கேயே கிழித்துவிடுங்கள்.

கடவுள் கொடுக்கவில்லை என்றால் யார் என்ன செய்ய முடியும் என்று எழுதியிருந்தீர்கள். தெரியாதவர்கள் அப்படிச் சொல்லலாம். நமக்குத் தெரியும்.

எனக்குப் பதினாறு முடிந்தும் ஒன்றும் ஆகவில்லை. ஊர்ப் பெண்கள் கேட்க ஆரம்பித்தார்கள். நீங்கள் கல்யாணமாகி வந்து ஒரு வருஷம்தான். அம்மா உங்களையும் என்னையும் மாட்டுச்சாலைக்குள் கூப்பிட்டுச் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது. "வெளிய தெரிஞ்சா இந்தப் புள்ளயக் கரை சேக்க முடியாது. வயசுக்கு வந்துட்டாள்னு சொல்லித் தெரட்டிச் சீரைச் செஞ்சு போடலாம். நாளைக்கு வந்தா வந்துட்டுப் போகுது. ஆம்பளைங்க காதுக்கு இது போகவே கூடாது." அண்ணன் தென்னங்கீற்று வெட்டி வந்து குச்சு கட்டினார். நீங்கள்தான் தண்ணீர் ஊற்றினீர்கள்.

மூன்று வருஷம் கழித்து, அம்மா போன பிறகு, வயிற்று வலி என்று அண்ணனிடம் சொல்லி நீங்கள் என்னைக் கோயமுத்தூருக்குக் கூட்டிப்போனீர்கள். டாக்டரம்மா திரைக்கு அந்தப் பக்கம் உங்களிடம் பேசியது எனக்குக் கேட்டது. "கர்ப்பப்பையே இல்லைம்மா. பொறக்கறப்பவே இல்லை. மருந்துக்கு வேலையில்லை. மத்தபடி நல்ல உடம்பு, நூறு வயசு இருப்பாங்க." திரும்பி வரும்போது பஸ்ஸில் நீங்கள் அழுதுகொண்டே வந்தீர்கள். நான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அழுகை வரவில்லை. அதற்கு இன்றைக்கும் காரணம் தெரியாது.

நங்கை, நான் கல்யாணத்துக்குப் பயப்படவில்லை. மயிலாளை வளர்க்க எனக்குச் சம்மதம்தான். ஆனால் அந்த அம்மா ஒவ்வொரு மாதமும் என் முகத்தைப் பார்ப்பார்கள். குப்பண்ணன் கோயிலுக்கு நேர்ந்துகொள்வார். நடக்காது என்று தெரிந்துகொண்டே நான் பக்கத்தில் நின்று திருநீறு வாங்கிக்கொள்ள வேண்டும். அது என்னால் முடியாது.

நீங்கள் குப்பண்ணனிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். அதற்கு மனம் வரவில்லை என்றால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், நானே சொல்லிக்கொள்கிறேன். ஒரு மாதம் பார்க்கிறேன்.

மேலிருந்து ஒரு அதிகாரி வந்தார். என் நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, அவர் கையாலேயே பத்துப் பூச்சிகளை விரித்துப் பார்த்தார். படங்கள் சரி என்று சொல்லிவிட்டார். அந்த வம்சத்தை நிறுத்த உத்தரவு. இருந்த முட்டைத்தாள் எல்லாவற்றையும் நானும் குருவம்மாளும் பின்பக்கம் கொண்டுபோய் எரித்தோம். நனைந்த விறகு, ரொம்ப நேரம் பிடித்தது. செபாஸ்டின் சார் வெளியே வரவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

செல்லாத்தாள்

*

சின்னக்கானல்
10-10-1976

மதிப்பிற்குரிய குப்பண்ணன் அவர்களுக்கு,

எருத்தேன்பதி ஆறுச்சாமியின் தங்கை செல்லாத்தாள் வணக்கம் சொல்லி எழுதுகிறேன். நீங்களும் உங்கள் அம்மாவும் குழந்தை மயிலாளும் நலம் என்று நம்புகிறேன். முன்பின் பேசியிராத பெண் கம்பெனி முகவரிக்கு எழுதுவது முறையில்லை. வீட்டுக்கு எழுதினால் வேறு யாராவது பிரிக்கக்கூடும் என்பதால் இப்படிச் செய்தேன்.

எனக்குக் குழந்தை பிறக்காது. பிறவியிலேயே கர்ப்பப்பை இல்லை. பத்து வருஷத்துக்கு முன் கோயமுத்தூரில் பெரிய டாக்டர் பார்த்துச் சொன்னது இது, சந்தேகத்துக்கு இடமில்லை. மாத விலக்கும் எனக்கு இல்லை. இங்கே என் வேலை பூச்சிகளின் கர்ப்ப உறுப்புகளைப் பார்த்து எழுதுவது. அதனால் இந்தச் சொற்களை எழுத எனக்குக் கை கூசவில்லை. உங்களுக்குப் படிக்கச் சங்கடமாக இருந்தால் மன்னிக்க வேண்டும்.

அண்ணனுக்கு இது தெரியாது. அவர் உங்களை ஏமாற்ற நினைக்கவில்லை. அதை மட்டும் நீங்கள் நம்ப வேண்டும்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகும் உங்களுக்குச் சம்மதம் என்றால் எனக்கும் சம்மதம். இல்லை என்றால் வருத்தமில்லை. நிச்சயத்துக்குப் பதினைந்து நாள் இருக்கிறது.

இப்படிக்கு
செல்லாத்தாள்

*

கஞ்சிக்கோடு
19-10-1976

செல்லாத்தாள் அவர்களுக்குக் குப்பண்ணன் வணக்கம். நாங்கள் நலம். மலையில் குளிர் அதிகம் என்று கேள்வி, உடம்பைக் கவனித்துக்கொள்ளவும்.

உங்கள் கடிதத்தைக் கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் கொடுத்தார். படித்துவிட்டு அடுத்த ஷிப்டுக்கு மணி அடித்ததுகூடத் தெரியாமல் நின்றுவிட்டேன். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரி இரண்டாம் பிரசவத்தில் போனாள். ஆண் குழந்தை, அதுவும் தங்கவில்லை. அதனால் எனக்கு இன்னொரு பிரசவம் என்றாலே பயம்தான். என் ஒருவன் விஷயமாக இருந்தால் உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நிம்மதி என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் என் அம்மா அந்தக் குழந்தையை மடியில் வைத்திருந்தவர்கள். பேரன் வேண்டும் என்று அன்றிலிருந்து ஒரு வேளை சாப்பாட்டை விட்டுவிட்டார்கள். அவர்களை எதிர்த்துக்கொண்டு உங்களைக் கூட்டி வந்தால் தினமும் பேச்சு கேட்பது நீங்கள்தான். அதைத் தடுக்கிற தைரியம் எனக்கு இருக்கிறதா என்று இரண்டு நாள் யோசித்தேன். இல்லை. அது என்னுடைய குறை, உங்களுடையது இல்லை.

உங்கள் அண்ணனிடம் எனக்கு இப்போது கல்யாணம் வேண்டாம் என்று மட்டும் சொல்வேன். காரணம் என் தலையோடு போகட்டும். கடிதத்தைப் பாய்லரில் போட்டுவிட்டேன்.

இவ்வளவு நேர்மையாக என்னிடம் இதுவரை யாரும் பேசியதில்லை.

குப்பண்ணன்

*

எருத்தேன்பதி
6-2-1977

செல்லாத்தாளுக்கு நங்கை பெரியம்மாள் எழுதியது. நாங்கள் சுகம். நீ சுகம்தானே? ஐந்து மாதமாகக் கடிதம் போடவில்லை என்று வருத்தப்படாதே. சின்னவனுக்கு அம்மை போட்டிருந்தது. பிறகு பொங்கல் வந்துவிட்டது. கொழிஞ்சாம்பாறைக்கு நீ போட்ட கடிதம் கிடைத்தது. கிழித்துவிட்டேன்.

குப்பண்ணன் இடம் தவறிப்போனது உனக்குத் தெரிந்திருக்கும். உங்கண்ணன் எழுதியிருப்பார். நிச்சயத்துக்கு மூன்று நாள் முன்னால் வந்து, உட்காராமல் நின்றுகொண்டே, "மச்சான், இப்போதைக்கு எனக்குக் கண்ணாலம் வேண்டாமுங்க. மன்னிச்சுப் போடுங்க" என்றான். உங்கண்ணனுக்கு வந்ததே கோபம். "வெத்தலைக்கு நாள் குறிச்ச பொறகு வேண்டாம்ங்கறியே, என்ற தங்கச்சிகிட்ட என்ன கொறையக் கண்டே?" என்று கத்தினார். "அவங்ககிட்ட ஒரு கொறையும் இல்லீங்க. எல்லாம் என்ற கொறை" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டே போய்விட்டான். நீ அவனுக்கு ஏதாவது எழுதினாயா என்று நான் கேட்கவில்லை. நீயும் சொல்ல வேண்டாம். எப்படியோ முடிந்துவிட்டது.

மற்றபடி விசேசம் ஒன்றும் இல்லை. எருமை கன்று போட்டிருக்கிறது. உங்கண்ணனுக்கு அன்றிலிருந்து அவர்கள் வீட்டோடு பேச்சு வார்த்தை இல்லை. கிணற்று மோட்டார் நம் கொட்டகையில் இருக்கிறதல்லவா, இப்போது அதைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திரிகிறார். அவன் முறைக்குத் தண்ணீர் விட்டு இருபது நாளாகிறது. கடலை பூ எடுக்கிற சமயம். அவன் அம்மா குடத்தில் மொண்டு ஊற்றுகிறது, அது எத்தனை செடிக்கு ஆகும்? பஞ்சாயத்துக்கும் அவன் போகவில்லை. ஊரில் எல்லாரும் தப்பு அவன் பேரில்தான் என்கிறார்கள்.

நான் என்ன சொல்ல முடியும்? சொன்னால் எல்லாம் சொல்ல வேண்டி வரும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

பெரியம்மாள்

*

சின்னக்கானல்
11-2-1977

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை செல்லாத்தாள் வணக்கம். நான் நலம். உங்கள் முழங்காலுக்கு இந்த வெயில் நல்லது. இந்தக் கடிதத்தைப் பெரியவனிடம் கொடுக்காமல் நீங்களே படியுங்கள். மெதுவாகப் படித்தால் போதும்.

குப்பண்ணன் மேல் தப்பு இல்லை. நான்தான் அவருக்கு எழுதினேன். எனக்குக் குழந்தை பிறக்காது அண்ணா. உள்ளே கர்ப்பப்பை இல்லாமல் பிறந்திருக்கிறேன். கோயமுத்தூருக்கு வயிற்று வலி என்று போனது அதைப் பார்க்கத்தான். அதற்கு முன்பு செய்த தெரட்டிச் சீரும் பேருக்குச் செய்ததுதான். நான் வயதுக்கு வரவில்லை, இன்றுவரை இல்லை. அம்மா பயந்துகொண்டு அப்படிச் செய்தது. நங்கை அப்போது பதினெட்டு வயதுப் பெண். மாமியார் சொல்லைத் தட்ட முடியாமல் சத்தியம் பண்ணிக் கொடுத்தார்கள். பதினான்கு வருஷமாக அதைக் காப்பாற்றினார்கள். யாரிடமும் எதையும் சொல்ல முடியாத நாட்களில் எனக்குப் பேச இருந்த ஒரே ஆள் அவர்கள்தான்.

இதையெல்லாம் எழுதினதும் அவர், உங்களிடம் காரணம் சொல்வதில்லை என்று எனக்கு வாக்குக் கொடுத்தார். அந்த வாக்குக்காகத்தான் நீங்கள் பேசியதையெல்லாம் கேட்டுக்கொண்டார். அவர் காடு காய்வது என்னால்.

இதைப் படித்ததும் முதலில் போய் மோட்டார் கொட்டகையைத் திறங்கள். கோபமெல்லாம் அதற்குப் பிறகு.

தங்கை
செல்லாத்தாள்

*

எருத்தேன்பதி
9-3-1977

அன்புத் தங்கை செல்லாத்தாளுக்கு ஆறுச்சாமி ஆசி. நலம்.

கடிதம் வந்தது. களத்தில் வைத்து மூன்று தடவை படித்தேன். அன்றைக்கே மோட்டார் போட்டுவிட்டேன். மேல் பாத்தி நாலும் கருகிவிட்டது. மீதி தேறும்.

குப்பண்ணனை அவன் காட்டு வரப்பில் பார்த்தேன். "ஏப்பா, எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்றேன். "அதைச் சொல்றதுக்கு எனக்கென்னுங்க பாத்தியம்? அது அவங்க சமாச்சாரமுங்க" என்றான். மண்வெட்டியை வாங்கி மடையை நானே திருப்பிவிட்டு வந்தேன்.

உன் நங்கையிடம் எட்டு நாள் பேசவில்லை. தட்டை வைத்துவிட்டு அவள் தள்ளி நின்றுகொள்வாள், நான் சாப்பிட்டுவிட்டு எழுந்து போவேன். ஒன்பதாம் நாள், குச்சு கட்டிய அன்றைக்கு நீ எப்படி இருந்தாய் என்று கேட்டேன். "சிரிச்சுக்கிட்டு இருந்துச்சுங்க. எல்லாரும் சிரிக்கச் சொன்னாங்க" என்றாள். நான் அந்தக் கீற்றை எவ்வளவு சந்தோசமாகப் பின்னினேன் என்று உனக்குத் தெரியாது அம்மிணி. கோயமுத்தூருக்கு நீங்கள் போன நாள் நான் சந்தையில் மாடு பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லியிருந்தால் மாட்டை விட்டுவிட்டு வந்திருப்பேன்.

சித்திரையில் வருகிறேன். பஸ் எத்தனை மணிக்கு என்று எழுது.

ஆறுச்சாமி

பெரியம்மாள் எழுதுவது: மடிக்கிற இடத்தில் எழுதுகிறேன், பார்த்துப் பிரி. என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்றேன், எதற்கு என்று கேட்டார். அவ்வளவுதான். நேற்று இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். நீ எழுதியது எனக்கு முதலில் ஆத்திரமாக இருந்தது. இப்போது இல்லை.

*

சின்னக்கானல்
2-5-1977

அன்புள்ள நங்கைக்கு,

செல்லாத்தாள் வணக்கம். நான் நலம். நீங்களும் பிள்ளைகளும் நலமா? சின்னவனுக்கு அம்மைத் தழும்பு மறைந்ததா?

அண்ணன் பத்திரமாக வந்து சேர்ந்திருப்பார். அவர் அதிகம் சொல்லமாட்டார் என்பதால் நான் எழுதுகிறேன். ஒரு மூட்டை கடலையோடு பஸ்ஸிலிருந்து இறங்கினார். தேறிய பாத்தியில் பிடுங்கியது, குப்பண்ணன் கொடுத்தனுப்பினார் என்றார். அவருக்கு வைகாசியில் கல்யாணம், வேலந்தாவளத்துப் பெண் என்றும் சொன்னார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். எனக்கு அன்று முழுக்க நெஞ்சில் ஒரு கனம் இருந்தது. மறுநாள் இல்லை. மயிலாளுக்கு ஒரு பாவாடைத் துணி எடுத்துக் கொடுத்தனுப்பியிருக்கிறேன், நீங்களே தைத்துக் கொடுங்கள்.

வேலை செய்யும் இடத்தைப் பார்க்க வேண்டும் என்றார். செபாஸ்டின் சார் நாற்காலி போட்டார். இப்போது அவர் என்னிடம் கோபமாக இல்லை. வேறு வம்சம் கொண்டுவந்திருக்கிறோம், நானூற்றைம்பது வரை முட்டை வைக்கிறது, வாரம் இருபது பூச்சிகளை விரித்துப் பார்த்துப் படம் போடும் பொறுப்பை என் பேருக்கே எழுதிவிட்டார். அண்ணன் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "இதையா நாள் பூராப் பாத்துட்டு இருக்கறே? கண்ணு வலிக்காதா?" என்று கேட்டார்.

மத்தியானம் சாப்பிடும்போது, "ஊட்டுக்கு வந்தர்றியா அம்மிணி?" என்றார்.

"இல்லீங்ணா. இங்கயே இருந்துக்கறனுங்க."

"தனியாவா?"

"இங்க நாலு பேரு இருக்கறமுங்க."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு, "சரி. பொங்க, தீவாளின்னு நோம்பிக்கு நோம்பி வரோணும். நீ வர்றதேயில்லை. எதுக்கு வர்றதில்லைன்னு நான் ஒரு நாளும் கேட்டதில்லை" என்றார். வருகிறேன் என்றேன். ஆடியில் பத்து நாள் லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன். மாட்டுச்சாலைப் பக்கம் இருக்கிற அறையை ஒழித்து வையுங்கள், நங்கை. நாம் பேசிக்கொண்டிருக்கலாம்.

சாயங்காலம் பஸ்ஸுக்கு நின்றோம். அங்கே சங்கையா என்று ஒருவர் டீக்கடை வைத்திருக்கிறார். நல்ல மனிதர், வாய் மட்டும் சும்மா இருக்காது. நான் இங்கே வந்ததிலிருந்து பார்க்கிறவர். அண்ணன் என்று தெரிந்ததும் டீயைக் கையில் கொடுத்துக்கொண்டே, "ஏன் அண்ணாச்சி, ஆபீசம்மாவ இன்னும் கட்டிக் குடுக்காம வச்சிருக்கீகளே, என்ன விசயம்?" என்று கேட்டார். கடையில் எஸ்டேட் ஆட்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். என்னிடம் இதை எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். நான் ஏதாவது சாக்குச் சொல்லி நகர்ந்துவிடுவேன். அன்றைக்கும் பையை எடுத்துக்கொண்டு வெளியே போகத் திரும்பினேன்.

அண்ணன் டீயை ஆற்றிக்கொண்டே, சத்தத்தைக் குறைக்காமல் சொன்னார். "கட்டிக் குடுக்கலீங்க. குடுக்கறதாவும் இல்லீங்க. அதுக்கு என்னுங்க இப்ப?"

சங்கையா காலி கிளாஸை எடுத்துக்கொண்டே, "ஒண்ணுமில்ல அண்ணாச்சி, சும்மா கேட்டேன்" என்றார்.

"டீ நல்லா இருக்குதுங்க. என்ற தங்கச்சிக்கும் ஒண்ணு போடுங்க" என்றார் அண்ணன்.

நான் பையைக் கீழே வைத்துவிட்டு பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தேன். பஸ் வர இன்னும் அரை மணி நேரம் இருந்தது.

இங்கே கோடை மழை தொடங்கியிருக்கிறது. நாளை புது ஈடு கூடு உடைக்கும், எழுநூறு பூச்சி வரும் என்று கணக்கு. விடியும் முன்னே எழ வேண்டும். அதனால் இத்துடன் நிறுத்துகிறேன். எல்லாரையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்
செல்லாத்தாள்